யூனிக்ஸ் கணினியில் ஆடியோ சிடிகளைப் பிரித்தெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் உள்ள ஆடியோ சிடிகளை லினக்ஸ் அல்லது பிஎஸ்டி கணினியில் பிரித்தெடுத்துச் சேமிக்க விரும்புவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தட்டையும் ஒரே ஒருமுறை பிரித்தெடுக்க வேண்டும், அது சரியாக வந்தது என்பதற்குச் சான்றும் கையில் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் எல்லா விடைகளும் எழுதப்பட்டுள்ளன.

ஆடியோ சிடியை ஏன் மவுண்ட் செய்ய (கோப்புறைபோல் இணைத்துத் திறக்க) முடியவில்லை? மற்ற கோப்புகளைப் போல நகலெடுத்தால் போதாதா?

ஆடியோ சிடியில் கோப்பு முறைமை என்று ஒன்றே கிடையாது. அதனால் மவுண்ட் செய்வதற்கும் அதில் எதுவும் இல்லை. பிலிப்ஸ், சோனி ஆகிய நிறுவனங்கள் 1980இல் வகுத்த 'சிவப்புப் புத்தகம்' என்னும் தரநிலைப்படி, தட்டில் இருப்பது விநாடிக்கு 44,100 சாம்பிள் (ஒலி அளவீடு) வீதம், 16 பிட் அளவில், இரு தடங்களாகப் பதிந்த ஒலியின் தொடர்ச்சியான ஓட்டம் மட்டுமே. எந்த டிராக் எங்கே தொடங்குகிறது என்ற உள்ளடக்க அட்டவணை தட்டின் தொடக்கத்தில் இருக்கிறது. விண்டோஸில் தெரியும் சின்னஞ்சிறு டிராக் கோப்புகளும், கேடிஇ, க்னோம் சூழல்களில் தெரியும் வேவ் கோப்புகளும் அந்த அட்டவணையைப் பார்த்து மென்பொருள் கட்டிக் காட்டும் தோற்றங்கள்தாம்.

இதைவிட முக்கியமான வேறுபாடு, தட்டின் தரவு பகுக்கப்படும் சிறு தொகுதியான செக்டரின் உள்ளே இருக்கிறது. ஒரு செக்டரில் 2,352 பைட்டுகள் உள்ளன. தரவு சிடியில் அவற்றுள் 2,048 பைட்டுகள் மட்டுமே நம்முடைய தரவுக்கு. மிச்சமுள்ள 304 பைட்டுகளில் அந்த செக்டரின் முகவரியும், பிழையைக் கண்டறிந்து திருத்துவதற்கான கூடுதல் தகவலும் அடங்கும். ஆடியோ சிடியில் 2,352 பைட்டுகளும் ஒலிக்கே போய்விடுகின்றன. 'நான் இன்ன இடத்தில் இருக்கிறேன்' என்று சொல்லும் முகவரி ஒலிக்குள் இல்லை. அது ஒலியோடு சேர்ந்து பதிந்த துணைத்தடம் என்னும் பகுதியில் தனியாக ஓடுகிறது. எனவே டிரைவிடம் ஓர் இடத்தைக் குறிப்பிட்டு இரண்டுமுறை கேட்டால், பழைய டிரைவுகள் பல சற்று முன்னோ பின்னோ தள்ளி வேறு வேறு இடங்களிலிருந்து படித்துக் கொடுக்கும். இந்த நகர்வைத்தான் 'ஜிட்டர்' என்கிறார்கள்.

வட்டை அப்படியே நகலெடுக்கும் டிடி கட்டளையால் செய்ய முடியாதா?

லினக்ஸில் முடியாது. டிடி கேட்பது வழக்கமான தரவுத் தொகுதிகளை. ஒலி செக்டர்களை அந்த வழியில் டிரைவ் தருவதில்லை என்பதால் உள்ளீட்டுப் பிழைச் செய்திதான் வரும். ஒலியைப் படிப்பதற்கென்று தனியான கட்டளையை டிரைவுக்கு அனுப்பும் கருவி வேண்டும்.

சிடிபாரனோயாவைப் பற்றி எல்லாரும் சொல்கிறார்களே, அது செய்வது என்ன?

ஸிஃப் அறக்கட்டளையைச் சேர்ந்த, 'மான்டி' என்று அறியப்படும் கிறிஸ்டோபர் மான்ட்கோமெரி எழுதிய கருவி அது. சிடிடிஏ2வேவ் என்ற முந்தைய நிரலுக்கான திருத்தங்களாகத் தொடங்கி, மூன்றாம் தலைமுறையில் தனி நிரலாக நின்றது. இன்றும் பெரும்பாலான லினக்ஸ் தொகுப்புகளில் கிடைப்பது 2008இல் வெளியான மூன்றாம் தலைமுறையின் 10.2 பதிப்புதான்.

ஒரு பகுதியை ஒருமுறை படித்ததும் அதை அப்படியே நம்பிவிடாமல், ஒன்றன்மேல் ஒன்று படியும்படி பகுதிகளைத் திரும்பத் திரும்பப் படித்து, எந்த இடத்தில் இரண்டும் சாம்பிளுக்குச் சாம்பிள் பொருந்துகின்றன என்று தேடி, பொருந்திய பின்னரே ஒட்டுவது அதன் முறை. ஜிட்டரால் நகர்ந்த துண்டுகளும், இடையில் விட்டுப்போன பகுதிகளும் இந்த ஒப்பீட்டில் அகப்பட்டுவிடும். இதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைக் கொடுப்பதில் தவறில்லை. சரிபார்ப்பை நிறுத்திவிட்டு வேகமாகப் படிக்கவைக்கும் தெரிவு, பெரிய எழுத்து இசட், அதில் உண்டு. முதன்முதலில் என் தட்டுகளைப் பிரித்தெடுத்தபோது அவசரத்தில் அந்தத் தெரிவைத்தான் பயன்படுத்தினேன். பல ஆண்டுகள் கழித்து நல்ல ஹெட்போனில் கேட்டபோதுதான், ஆலாபனைக்கு நடுவே தம்புரா மட்டும் ஒலிக்கும் இடங்களில் 'டிக்', 'டிக்' என்ற வெட்டுகள் புலப்பட்டன. எல்லாத் தட்டுகளையும் முதலிலிருந்து மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

ஆயினும் இதற்கும் எல்லை உண்டு. பல டிரைவுகள் படித்ததைத் தங்கள் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொண்டு, மறுபடி கேட்கும்போது தட்டைத் தொடாமல் அதையே எடுத்து நீட்டும். அப்போது இரண்டு படிப்புகளும் ஒத்திருப்பதற்குப் பொருளே இல்லை. 10.2 பதிப்பில் பெரிய எழுத்து ஏ என்ற தெரிவு உங்கள் டிரைவ் இப்படி நடக்கிறதா, நிரலால் அதைத் தாண்ட முடிகிறதா என்று ஆராய்ந்து சொல்லும். புதிய டிரைவ் கைக்கு வந்ததும் முதலில் ஓட்ட வேண்டியது அதைத்தான்.

ஓடும்போது திரையில் தெரியும் முகக்குறிகளுக்கும் புள்ளிகளுக்கும் என்ன பொருள்?

சிரிக்கும் முகம் :-) இருந்தால் எல்லாம் நலம். :-/ என்பது டிரைவ் இடம் நகர்ந்து படிப்பதையும், :-( என்பது கீறல் தென்பட்டதையும் குறிக்கும். முன்னேற்றக் கோட்டில் வெற்றிடம் என்றால் திருத்தமே தேவைப்படவில்லை. - என்றால் ஜிட்டர் திருத்தப்பட்டது. + என்றால் டிரைவ் சொல்லாமல் விட்ட இழப்போ வேறு பிழையோ கண்டு திருத்தப்பட்டது. ! என்ற குறி முதற்கட்டத் திருத்தத்துக்குப் பிறகும் பிழை தென்பட்டதைச் சொல்கிறது. இவற்றுக்கெல்லாம் அஞ்ச வேண்டியதில்லை. ஆங்கிலப் பெரிய எழுத்து வி தோன்றினால் மட்டும் அந்த இடம் திருத்தப்படாமல் விடப்பட்டது என்று பொருள். அந்த டிராக்கை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

சிடிடிஏ2வேவ், ஐஸ்டாக்ஸ் இரண்டும் ஒன்றா?

ஒரே வேரிலிருந்து வந்தவை. ஹைக்கோ ஐஸ்ஃபெல்ட் எழுதிய சிடிடிஏ2வேவ், பின்னர் யோர்க் ஷில்லிங் பராமரித்த சிடிஆர்டூல்ஸ் தொகுப்பில் சேர்ந்தது. உரிமம் பற்றிய கருத்து வேறுபாட்டால் டெபியன் திட்டத்தினர் 2006இல் அத்தொகுப்பைப் பிரித்து சிடிஆர்கிட் என்று வெளியிட்டனர். அதில் இந்த நிரலின் பெயர் ஐஸ்டாக்ஸ் ஆனது. துணைத்தடத் தகவல்களைப் படிப்பதற்கு இவை இன்றும் உதவும்.

முழுத் தட்டையும் ஒரே கட்டளையில் முடிக்க எது நல்லது?

ஏபிசிடிஇ. இது ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது மற்றக் கட்டளைகளை வரிசையாக இயக்கும் நிரல். தானாக எதையும் படிப்பதில்லை. சிடிபாரனோயாவை அழைத்துப் படிக்கச் சொல்லி, இணையத்திலிருந்து பாடல் விவரங்களைக் கொண்டுவந்து, திருத்த வாய்ப்பளித்து, ஃப்ளாக் என்ற இழப்பற்ற வடிவமாகவோ எம்பி3யாகவோ மாற்றி, பெயரிட்டு, கோப்புறையில் அடுக்கிவிடும். ஒரே படிப்பில் ஃப்ளாக், எம்பி3 இரண்டையும் உண்டாக்கச் சொல்லலாம். நடுவில் நின்றுபோனால், மறுபடி இயக்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும். வெளியீட்டு வடிவம் எதுவும் சொல்லாவிட்டால் ஆக் வோர்பிஸ் கோப்புகளை உண்டாக்கும் என்பதால், முகப்புக் கோப்புறையில் அமைப்புக் கோப்பு ஒன்றை எழுதி, வடிவத்தையும் பெயரிடும் முறையையும் முதலிலேயே உறுதிசெய்துகொள்வது நல்லது.

அப்படியானால் விப்பர் என்ற இன்னொரு பிரித்தெடுக்கும் நிரல் எதற்கு?

சிடிபாரனோயாவும் ஏபிசிடிஇயும் 'என்னால் இயன்றவரை சரியாகப் படித்தேன்' என்று மட்டுமே சொல்ல முடியும். தட்டில் மோசமான இடம் வந்தால், சிடியின் பிழைதிருத்த முறையும் தோற்றுப்போகும் நிலையில், டிரைவ் பக்கத்து சாம்பிள்களைக் கொண்டு இடைப்பட்டதை ஊகித்து நிரப்பிவிடுகிறது. நிரப்பியதை நம்மிடம் சொல்வதும் இல்லை. ஒவ்வொரு முறையும் அதே ஊகத்தையே கொடுத்தால், எத்தனைமுறை ஒப்பிட்டாலும் ஒத்துப்போகும். தவறான விடையைப் பத்துமுறை சரியாக எழுதிக்காட்டுவது போன்றது அது. வேறொருவர், வேறொரு டிரைவில், அதே பதிப்பின் வேறொரு தட்டைப் படித்தபோதும் இதே விடை வந்ததா என்பதுதான் உண்மையான சோதனை.

அந்தச் சோதனைக்கான தரவுத்தளமே அக்யூரேட்ரிப். பலர் பிரித்தெடுத்த டிராக்குகளின் சரிபார்ப்புத் தொகைகள், அதாவது ஒலியிலிருந்து கணக்கிட்ட அடையாள எண்கள், அங்கே சேமிக்கப்பட்டுள்ளன. உங்கள் தொகை அவற்றோடு பொருந்தினால், எத்தனை பேருடைய முடிவோடு பொருந்தியது என்ற எண்ணும் கிடைக்கும். விப்பர் என்பது மோரிட்டூரி என்ற பழைய நிரலிலிருந்து கிளைத்த பைத்தான் நிரல். ஒவ்வொரு டிராக்கையும் இருமுறை படித்து ஒப்பிட்டு, அதன்பின் அக்யூரேட்ரிப்பில் சரிபார்த்து, எல்லாவற்றையும் ஒரு பதிவுக் கோப்பில் எழுதிவைக்கிறது. பிற்காலத்தில் சந்தேகம் எழும்போது திறந்து பார்க்கும் சான்று அந்தப் பதிவுக் கோப்பு. யூனிக்ஸில் ஒரே ஒரு கருவியைப் பரிந்துரைக்கச் சொன்னால் நான் விப்பரைத்தான் சொல்வேன். எஃப்எஃப்எம்பெக் நூலகங்களைக் கொண்டு எழுதப்பட்ட சயன்ரிப்பும் இதே நோக்கம் உடையது.

விப்பர் 'ஆஃப்செட்' கேட்கிறது. அது என்ன?

ஒவ்வொரு டிரைவ் மாதிரியும் ஒலியைப் படிக்கத் தொடங்கும் இடம் ஒரு நிலையான எண்ணிக்கை சாம்பிள்களால் தள்ளியிருக்கும். +6, +30, +667 போன்ற எண்களை அடிக்கடி காணலாம். 667 சாம்பிள் என்பதே ஏறத்தாழ 15 மில்லிவிநாடிதான்; காதுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் சரிபார்ப்புத் தொகைக்கு ஒரு சாம்பிள் நகர்ந்தாலும் எல்லாமே வேறு. ஆகவே ஒப்பிடுவதற்கு முன் நகர்வைத் திருத்தியாக வேண்டும்.

விப்பரில் முதலில் டிரைவை ஆராயும் கட்டளையையும், பிறகு ஆஃப்செட்டைத் தேடும் கட்டளையையும் ஒருமுறை ஓட்டினால் போதும். முடிவு அமைப்புக் கோப்பில் பதிவாகிவிடும். தேடலுக்குக் கொடுக்கும் தட்டு அக்யூரேட்ரிப்பில் ஏற்கெனவே பதிவானதாக இருக்க வேண்டும். உலகெங்கும் நிறைய விற்ற ஆங்கில இசைத்தட்டு ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி இதைச் செய்யுங்கள். சிறிய நிறுவனங்கள் வெளியிட்ட தட்டுகள் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. ஒரு செக்டரில் 588 சாம்பிள்கள். அதைவிடப் பெரிய ஆஃப்செட் கொண்ட டிரைவுகளில் சிடிபாரனோயா நூலகத்தின் பழைய பதிப்புகள் தடுமாறியிருக்கின்றன என்பதால் புதிய பதிப்பையே நிறுவிக்கொள்ளுங்கள். தட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் சில சாம்பிள்களை டிரைவால் எட்டிப் படிக்க முடியாமல் போகலாம். முதல் டிராக்கின் முதல் ஐந்து செக்டர்களையும் கடைசி டிராக்கின் கடைசி ஐந்தையும் அக்யூரேட்ரிப் கணக்கில் சேர்ப்பதில்லை; அதனால் கவலை வேண்டாம்.

என் தட்டு அக்யூரேட்ரிப்பில் இல்லை. என்ன செய்வது?

தமிழ்த் திரைப்பாடல், கர்நாடக இசைத் தட்டுகள் பலவற்றுக்கும் இந்த நிலைதான். இரண்டு வேறு நிறுவனங்களின் டிரைவுகளில், இரண்டிலும் ஆஃப்செட்டைத் திருத்தி, தனித்தனியே பிரித்தெடுத்து, கிடைத்த ஃப்ளாக் கோப்புகளின் எம்டி5 என்னும் சரிபார்ப்புத் தொகைகளை ஒப்பிடுங்கள். ஃப்ளாக் தன் தலைப்பகுதியிலேயே மூல ஒலியின் எம்டி5 தொகையை வைத்திருக்கிறது. மெட்டாஃப்ளாக் கருவி அதைக் காட்டும். இரு டிரைவுகளும் ஒரே தொகையைத் தந்தால் அது வலுவான சான்று.

கட்டளை வரி பழக்கமில்லை. வரைகலைக் கருவிகள் உண்டா?

அசண்டர், சவுண்ட் ஜூசர் இரண்டும் எளியவை. கேடிஇ பயன்படுத்துவோர் கே3பியைக் கொண்டோ, கோப்பு உலாவியில் தெரியும் ஃப்ளாக் கோப்புறையை இழுத்துப் போட்டோ வேலையை முடிக்கலாம். கீறலற்ற புதிய தட்டுகளுக்கு இவை போதும்.

எந்த வடிவத்தில் சேமிப்பது?

மூலப் பிரதிக்கு ஃப்ளாக்; இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஜோஷ் கோல்சன் எழுதி 2001இல் முதற்பதிப்பு வெளியான இந்த இழப்பற்ற வடிவம், 2024இல் முறையான இணையத் தரநிலையாகவும் ஏற்கப்பட்டுவிட்டது. ஒரு மணி நேர ஒலி வேவ் கோப்பாக ஏறத்தாழ 635 மெகாபைட் பிடிக்கும். ஃப்ளாக்கில் பெரும்பாலும் அதில் பாதிக்குச் சற்று மேல். வேவ் கோப்பில் பாடல் விவரங்களை எழுத எல்லாக் கருவிகளும் ஏற்கும் நல்ல முறை இல்லை, கோப்பு கெட்டுப்போனால் கண்டுபிடிக்கவும் வழியில்லை. ஃப்ளாக்கில் இரண்டும் உண்டு.

தொலைபேசிக்கும் காருக்கும் ஃப்ளாக்கிலிருந்து தேவைப்படும்போது மாற்றிக்கொள்ளலாம். புதிய சாதனங்களுக்கு ஓபஸ் வடிவம், பழைய கார் ஸ்டீரியோக்களுக்கு லேம் என்ற மாற்றுநிரல் உண்டாக்கும் எம்பி3. எம்பி3யிலிருந்து ஓபஸுக்கு மாற்றுவதை மட்டும் தவிருங்கள்; இழந்ததன்மேல் மேலும் இழப்பது அது.

பாடல் விவரங்கள் சிடியிலேயே இல்லையா?

சில தட்டுகளில் சிடி-டெக்ஸ்ட் என்ற பகுதியில் இருக்கும், பெரும்பாலானவற்றில் இருக்காது. டிராக்குகளின் நீளங்களைக் கொண்டு தட்டை அடையாளம் கண்டு, இணையத் தரவுத்தளத்தில் தேடுவதே வழக்கம். 1993இல் தொடங்கிய சிடிடிபி பயனர்கள் உழைப்பால் வளர்ந்து, பின்பு வணிக நிறுவனமாகிக் கதவை மூடியதால், ஃப்ரீடிபி எழுந்தது. அதுவும் 2020இல் நின்றது. அதன் தரவு க்னூடிபியில் தொடர்கிறது. இந்த மரபின் அடையாள எண் 32 பிட் மட்டுமே என்பதால், முற்றிலும் வேறான இரு தட்டுகள் ஒரே எண்ணைப் பெற்றுவிடுவதுண்டு. பக்திப்பாடல் தட்டைப் போட்டதும் ஏதோ ஒரு ராக் இசைக்குழுவின் பெயர் வருவதற்குக் காரணம் இதுதான்.

ம்யூசிக்பிரைன்ஸ் என்ற தரவுத்தளம் நீளமான, மோதல் அரிதான அடையாளத்தைக் கணக்கிடுகிறது. அதில் தகவலின் ஒழுங்கும் நன்றாக இருக்கிறது. உங்கள் தட்டு அங்கே இல்லாவிட்டால், உறையைப் பார்த்து நீங்களே சேர்த்துவிட்டு, பிறகு பிரித்தெடுங்கள். அரைமணி நேர வேலை; அடுத்து அந்தத் தட்டைப் போடும் எல்லாருக்கும் அது பயன்படும்.

பாடல் பெயர்களைத் தமிழிலேயே வைத்தால் சிக்கல் வருமா?

வோர்பிஸ் குறிப்புகள் எனப்படும் ஃப்ளாக்கின் விவரப்பகுதி யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் இருப்பதால் தமிழ் தடையின்றி நிற்கும். எம்பி3யில் ஐடி3 இரண்டாம் தலைமுறைக் குறிச்சொற்களைப் பயன்படுத்துங்கள். முதல் தலைமுறையில் ஒரு தலைப்புக்கு 30 பைட்டுதான், தமிழுக்கு அதில் வழியும் இல்லை.

கோப்புப் பெயர்களில்தான் கவனம் தேவை. எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறைமைகளில் ஒரு பெயருக்கு 255 பைட் எல்லை. தமிழின் ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். 'பந்துவராளி' என்ற சொல் கண்ணுக்கு ஆறு எழுத்து. புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் அது பத்துக் குறியீடு, முப்பது பைட். மொத்தம் 85 குறியீடுகளுக்குள் அடங்க வேண்டும். கீர்த்தனையின் முதலடி, ராகம், தாளம், இயற்றியவர் என எல்லாவற்றையும் பெயரிலேயே அடுக்கினால் எல்லை தாண்டிப் பிரித்தெடுப்பு நடுவில் முறிந்துவிடும். டிராக் எண்ணும் முதலடியும் மட்டும் பெயரில் இருக்கட்டும். மற்றவை குறிச்சொற்களில் இருக்கட்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். லினக்ஸுக்கோ அவை வெவ்வேறு பெயர்கள். மேக் கணினியின் பழைய கோப்பு முறைமை பிரித்த வடிவையே சேமித்ததால், அங்கிருந்து கொண்டுவந்த தொகுப்பில் ஒரே பாடல் இரண்டாகத் தெரியக்கூடும். கான்வ்எம்வி கருவியின் என்எஃப்சி தெரிவைக் கொண்டு எல்லாப் பெயர்களையும் சேர்த்த வடிவுக்கு மாற்றிவிட்டால் இத்தொல்லை தீரும்.

கீறல் விழுந்த தட்டை மீட்க முடியுமா?

எந்தப் பக்கத்தில் கீறல் என்று பாருங்கள். லேசர் படிக்கும் பக்கம் ஒன்றேகால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான பாலிகார்பனேட். அதன் மேற்கீறல்கள் பெரும்பாலும் சமாளிக்கக் கூடியவை. ஒலி பதிந்த உலோகப் படலம் படம் அச்சிட்ட பக்கத்தில், மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது. அங்கே கீறி, வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித்துளைகள் தெரிந்தால், அந்த இடத்தின் ஒலி போய்விட்டது.

மென்மையான துணியால், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் உண்டாகும் கீறல் தடத்தின் போக்கிலேயே நீண்டு, பிழைதிருத்தத்தைத் தோற்கடிக்கும். பிறகு சிடிபாரனோயாவின் பெரிய எழுத்து எஸ் தெரிவால் வேகத்தை 4 மடங்கு அளவுக்குக் குறைத்துப் படிக்கச் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் வேறு டிரைவில் போடுங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட தட்டை இன்னொன்று எளிதாகப் படிப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பழைய மேசைக் கணினிகளின் முழு அளவு டிரைவுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது இதற்காகவே.

கச்சேரிப் பதிவுகளில் டிராக்குகளுக்கு இடையே வெட்டு கேட்கிறதே?

தட்டில் வெட்டு இல்லை. எம்பி3 தன் சட்டங்களை நிரப்ப முன்னும் பின்னும் சேர்க்கும் மௌனம்தான் அது. லேம் அந்த அளவைக் கோப்பில் குறித்துவைக்கிறது, ஆனால் இயக்கும் சாதனம் அதைப் படிக்க வேண்டும். ஃப்ளாக்கில் இச்சிக்கல் இல்லை.

முதல் பாடலுக்கு முன்னே மறைந்த ஒலி இருக்கும் என்கிறார்களே?

சில தட்டுகளில் முதல் டிராக்கின் முன்னிடைவெளியில் ஒலியைப் பதித்திருப்பார்கள். சாதாரணமாக முதல் டிராக்கிலிருந்து தொடங்கும் கருவிகள் அதை விட்டுவிடும். விப்பர் தேடிக் கண்டு தனி டிராக்காக எடுத்துத் தரும். 1980களின் தட்டுகள் சிலவற்றில் 'ப்ரீ-எம்ஃபசிஸ்' என்ற முறையில் உயர் சுருதிகளைத் தூக்கிப் பதித்திருப்பார்கள். பிரித்தெடுத்த ஒலி காதைக் குத்துவதுபோல் இருந்தால் அதற்கான குறி தட்டில் உள்ளதா என்று பாருங்கள். சாக்ஸ் கருவியின் டீஎம்ஃப் விளைவு அதைச் சீராக்கும். மூலக் கோப்பைத் திருத்தாமல் வைத்து, கேட்கும் பிரதியில் மட்டும் அதைச் செய்யுங்கள்.

அனுமதி மறுக்கப்பட்டது என்று வருகிறது. எல்லா அனுமதியும் உடைய ரூட் கணக்கில் இயக்கலாமா?

வேண்டாம். லினக்ஸில் உங்கள் பயனர் கணக்கைச் சிடிரோம் அல்லது ஆப்டிகல் குழுவில் சேர்த்துவிட்டு மறுபடி உள்நுழைந்தால் போதும். ஃப்ரீபிஎஸ்டியில் டிரைவ் சாதனத்தோடு பாஸ், எக்ஸ்பிடி சாதனங்களுக்கும் அனுமதி தர வேண்டும். இதை மறப்பவர்கள் நிறைய. ஓபன்பிஎஸ்டியில் அடிப்படை அமைப்போடு வரும் சிடிஐஓ நிரலிலேயே பிரித்தெடுக்கும் கட்டளை உண்டு.

சொந்தச் சிடியைப் பிரித்தெடுப்பது சட்டப்படி சரியா?

நாட்டுக்கு நாடு வேறுபடும். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. பிரித்தெடுத்ததை இணையத்தில் பகிர்வது அதில் அடங்காது.

எடுத்து முடித்தபின் எப்படிப் பாதுகாப்பது?

ஃப்ளாக் கோப்புகளோடு அதே கோப்புறையில் விப்பரின் பதிவுக் கோப்பையும், டிராக்குகளின் அமைப்பைக் குறிக்கும் கியூ கோப்பையும், உறையை ஸ்கேன் செய்த படத்தையும் வையுங்கள். இரண்டு வேறு வன்தட்டுகளில் பிரதி இருக்கட்டும், அவற்றில் ஒன்று வேறொரு வீட்டில். ஆண்டுக்கு ஒருமுறையாவது ஃப்ளாக் நிரலின் சிறிய எழுத்து டி தெரிவால் எல்லாக் கோப்புகளையும் சோதியுங்கள். எம்டி5 பொருந்தாத கோப்பு இருந்தால் அது பெயரோடு சொல்லிவிடும், மற்றப் பிரதியிலிருந்து அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சிடிகளை உறையோடு செங்குத்தாக, வெயில் படாத அலமாரியில் நிறுத்திவையுங்கள். அக்யூரேட்ரிப்பில் பொருந்தாத தட்டுகளை மட்டும் தனியாக ஒரு பெட்டியில் எடுத்துவைத்து, நல்ல டிரைவ் கிடைக்கும்போது மறுபடி முயலுங்கள்.